கேம்பர்வேனில் ஸ்காட்லாந்துத் தீவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“படுக்கை, அடுப்பு, கழிவறை மூன்றும் வண்டிக்குள்ளேயே இருக்கின்றன. பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், எதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு தேவையில்லை.” கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கும் பலர் இப்படித்தான் நினைத்துக் கிளம்புகிறார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளிலும் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த எண்ணத்தில்தான் முளைக்கின்றன. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் நிலம் வெறும் நிலமல்ல. அது யாரோ ஒருவருடைய மேய்ச்சல் புல்வெளி, ஒரு பள்ளிப் பேருந்தின் தடம், மருத்துவத் தாதி வீடு வீடாகப் போகும் வழி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் பயணமும் நன்றாக இருக்கும், அங்கே வாழ்பவர்களுக்கும் தொல்லை இராது.

முதலில் சட்டம். “ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் தங்கலாம்” என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கூடாரம் போடுபவருக்குப் பொருந்தும், வண்டிக்குப் பொருந்தாது. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் திறந்தவெளியில் பொறுப்போடு நடமாடவும், நடந்தோ சைக்கிளிலோ போய் இரவு தங்கவும் உரிமை தருகிறது. மோட்டார் வாகனங்களை அந்த உரிமை வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. போதாததற்கு, உரிய அனுமதியின்றிச் சாலையை விட்டு இறங்கிப் பிறர் நிலத்தில் வண்டி ஓட்டுவது 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். வண்டியை நிறுத்துவதற்காக 15 கஜம் வரை போகலாம் என்ற விலக்கு உண்டு. ஆனால் அது நிலத்துக்காரரின் அனுமதிக்கு ஈடாகாது.

ஹாரிஸ், யூயிஸ்ட், பாரா தீவுகளின் மேற்குக் கரையில் இந்தச் சட்டத்தின் பொருள் கண்ணெதிரே விளங்கும். அங்கே கடற்கரை மணலுக்குப் பின்னால் விரிந்திருக்கும் பசும்புல் சமவெளிக்கு ‘மாக்கர்’ என்று பெயர். நூற்றாண்டுகளாகக் காற்று அள்ளிவந்த சிப்பித் துகள் மணல்மேல் உருவான நிலம் அது. உலகிலேயே ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மட்டுமே காணக்கூடியது. கோடையில் பூக்களால் மூடிக் கிடக்கும். ஆள்காட்டிகளும் சிப்பிபிடிப்பான்களும் அங்கே தரையிலேயே முட்டையிடும். சிறு பண்ணைக்காரர்கள் அதில் பயிரிடுகிறார்கள், ஆடுமாடு மேய்க்கிறார்கள். மேல்தோல் மிக மெல்லியது. கனத்த வண்டியின் சக்கரம் புல்லைக் கிழித்துவிட்டால் அந்தக் கீறல் வழியே காற்று மணலை அள்ளத் தொடங்கிவிடும். ஒரு படத்துக்காகப் பத்து அடி உள்ளே ஓட்டுவது சின்ன விஷயமல்ல. லஸ்கன்டயர் கடற்கரையின் நீலத்தைச் சாலையோரத்தில் நின்று பார்த்தாலும் அதே நீலம்தான்.

அப்படியானால் இரவை எங்கே கழிப்பது? ஊர் மக்களின் அறக்கட்டளைகள் பல இடங்களில் கட்டணத்துடன் நிறுத்துமிடங்களை நடத்துகின்றன. மேற்கு ஹாரிஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தப் பணம் நேராக அந்த ஊருக்கே போகிறது. பெருநிலத்தில் அரசின் வனத்துறை, கழிவறை வசதியுள்ள வண்டிகள் ஓரிரவு தங்கிச் செல்லக் குறிப்பிட்ட வன நிறுத்துமிடங்களைத் திறந்துவைத்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதாக இருந்தால் முகாம்களில் கட்டாயம் முன்பதிவு செய்யுங்கள்.

இனிச் சாலை. நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்புறம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நம்மவர்களுக்குத் தயக்கம் இருப்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தீவுகளில் பெரும்பாலான சாலைகள் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம் கொண்டவை. இடையிடையே ஒதுங்குமிடங்கள் உண்டு, வெள்ளைப் பலகை நட்டிருக்கும். எதிரே வண்டி தெரிந்ததும், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அங்கே தாண்டிப் போகாதீர்கள். அதற்கு நேரெதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் அதற்குள் புகுந்து உங்களைக் கடந்துகொள்வார். கை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே எழுதாத விதி.

பலர் மறப்பது பின்னால் வருபவரை. நீங்கள் காட்சி பார்த்துக்கொண்டு மெல்லப் போகும் சாலையில் அவர் கப்பலைப் பிடிக்கப் போய்க்கொண்டிருக்கலாம், பிரசவ வலியில் இருக்கும் மனைவியை அழைத்துச் செல்லலாம். கண்ணாடியில் வண்டி தெரிந்த உடனே அடுத்த ஒதுங்குமிடத்தில் நின்று முன்னே விடுங்கள். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் போடுவதும், படம் எடுக்க நடந்துபோவதும் அங்குள்ளவர்களுக்கு எரிச்சல் மூட்டும் செயல்களில் முதலிடம் பிடிப்பவை. அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

எந்தச் சாலையில் போகக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பிள்கிராஸுக்கு ஏறும் ‘பியாலஹ் ந பா’ கணவாய் கடல்மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்குப் போகிறது, கொண்டையூசி வளைவுகளோடு. மிகப் பெரிய வாகனங்களுக்கும் ஓட்டப் பழகுபவர்களுக்கும் இது ஏற்றதல்ல என்று அடிவாரத்திலேயே பலகை இருக்கிறது. பெரிய கேம்பர்வேன் என்றால் ஷீல்டெய்க் வழியாகக் கரையோரச் சாலையில் சுற்றிப் போங்கள். நேரம் கூடும், ஆனால் வளைவில் சிக்கிப் பின்னால் நிற்கும் இருபது வண்டிகளைப் பின்னகர்த்த நேராது.

கைபேசி காட்டும் பயண நேரத்தை நம்பி நாளைத் திட்டமிடுவதும் தவறு. இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும், 2015-இல் அறிமுகமான ‘நார்த் கோஸ்ட் 500’ சுற்று 516 மைல். அதை நான்கு நாளில் முடித்தேன் என்பவர் பார்த்தது தார்ச்சாலையைத்தான். குறைவான இடங்கள், அதிக இரவுகள் என்பது என் உறுதியான கருத்து. ஊர்ப்பெயரும் ஏமாற்றும்: டார்பர்ட் என்று ஹாரிஸிலும் ஊர் உண்டு, பெருநிலத்தின் கின்டயர் தீபகற்பத்திலும் உண்டு. யூயிக் ஸ்கை தீவிலும் இருக்கிறது, லூயிஸ் தீவிலும் இருக்கிறது. சிக்னல் கிடைக்காத இடங்கள் ஏராளம் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் விஷயத்தில் நான் நேரில் கண்ட தவறு ஒன்று உண்டு. மேற்குத் தீவுகளுக்கான கார் கப்பல்களைப் பெரும்பாலும் கால்மாக் என்ற நிறுவனம் நடத்துகிறது. டிக்கெட் எடுக்கும்போது வண்டியின் நீளத்தைக் கேட்பார்கள். என்னோடு வந்த நண்பர் வாடகைத் தாளில் இருந்த நீளத்தை அப்படியே எழுதினார்; பின்புறம் நீட்டிக்கொண்டிருந்த சைக்கிள் தாங்கியைச் சேர்க்கவில்லை. துறையில் அளந்தபோது கணக்கு இடித்தது, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தோம். தாங்கி, ஏணி எல்லாவற்றையும் சேர்த்து நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள். கோடையில் உல்லாபூல்–ஸ்டோர்னோவே போன்ற தடங்களில் வண்டிக்கான இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அயோனாவுக்கும், எக், ரம், மக், கானா என்ற சிறு தீவுகளுக்கும் அனுமதியின்றி வெளியார் வண்டியைக் கொண்டுபோக முடியாது. கரையில் விட்டுவிட்டு நடந்தே ஏற வேண்டும். கப்பலில் ஏறுமுன் எரிவாயு உருளையை மூடிவிடுங்கள்.

லூயிஸிலும் ஹாரிஸிலும் ஞாயிறு ஓய்வுநாளைப் பக்தியோடு காக்கிறார்கள். லூயிஸின் துறைமுகமான ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009-இல்தான். கடைகளும் டீசல் நிலையங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே டீசல், தண்ணீர், பால், ரொட்டி எல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். (நம் ஊர்ச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்த கர்னல் காலின் மெக்கன்சி பிறந்த ஊர் ஸ்டோர்னோவே. அவருடைய சேகரிப்பில் ஒரு பகுதி இன்றும் சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் இறங்கும் தமிழர் அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.)

கழிவறைத் தொட்டியை அதற்கென்று அமைந்த இடத்தில் மட்டுமே காலி செய்ய வேண்டும். சிற்றூர்ப் பொதுக் கழிவறைகள் பலவும் செப்டிக் தொட்டியோடு இணைந்தவை. உங்கள் தொட்டியின் ரசாயனம் அங்கே கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பாத்திரம் கழுவிய நீரையும் சாலையோரம் திறந்துவிடாதீர்கள்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மிட்ஜ் என்னும் பொடிக் கொசுக்கள் காற்றில்லாத காலையிலும் மாலையிலும் மொய்க்கும். காற்று வீசும் திறந்த கரையில் வண்டியை நிறுத்துங்கள், விளக்கைப் போடுமுன் கதவைச் சாத்துங்கள். மது விஷயத்தில் இங்கிலாந்தின் வரம்பை நினைத்துக்கொள்ளாதீர்கள்: 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் அது 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. முந்தைய இரவு குடித்தது மறுநாள் காலையிலும் ரத்தத்தில் இருக்கலாம்.

காற்று முற்றினால் கப்பல் நிற்கும். ஸ்கை தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்திலும் அப்போது உயரமான வண்டிகளை விடமாட்டார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரண்டு இரவுகளைத் தீவில் வைக்காதீர்கள், பெருநிலத்துக்கு வந்துவிடுங்கள்.