இரவில் கம்ப்யூட்டரை அணைப்பதா, ஓட விடுவதா? நான் செய்து பார்த்த முறை

போன வருடம் மழைக்காலத்தில் வந்த ஈபி கணக்கு 532 யூனிட் காட்டியது. அதற்கு முன் எங்கள் வீடு 430 யூனிட்டைத் தாண்டியதே இல்லை. ஏசி கிடையாது. அந்த மாதங்களில் ஃபேன்கூட இரவில்தான் ஓடியது. வீட்டுக்குப் புதிதாக வந்தது ஒன்றுதான்: புத்தகப் பக்க வடிவமைப்பு வேலைக்காக வாங்கிய டெஸ்க்டாப். அதை இரவு பகலாக ஓட விட்டிருந்தேன். வாங்கிய கடையில் அப்படித்தான் சொன்னார்கள். "அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணாதீங்க சார், ஹார்ட் டிஸ்க் போயிடும்."

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, அதில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது 500 என்ற கோடு. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவதோடு நிற்பதில்லை. 101 முதல் 200 வரைக்குக் கிடைக்கும் சலுகையும் சேர்ந்து போய்விடும். 500-ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் சும்மா ஓடும் ஒரு கம்ப்யூட்டர் சின்ன விஷயம் இல்லை.

முதலில் அந்த ஹார்ட் டிஸ்க் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்குகளின் விவரத்தாளில், நின்று மீண்டும் சுழலத் தொடங்குவதை 50,000 தடவை வரை தாங்கும் என்பதுபோல ஓர் எண் இருக்கும். தினம் இரண்டு முறை அணைத்துப் போட்டாலும் வருடத்துக்கு 730 தடவைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 68 வருடம் வரும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் புது சிஸ்டங்களில் வரும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அணைத்தால் கெட்டுவிடும் என்ற பேச்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

படி 1: உங்கள் சிஸ்டம் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பாருங்கள்

சுவரில் செருகும் பவர் மீட்டர் இருந்தால் அதுவே நல்லது. வாட் கணக்கைக் காட்டும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சில பாகங்களைத்தான் பார்க்கின்றன. பவர் சப்ளையில் வீணாவதும் மானிட்டர் எடுப்பதும் அதில் வராது.

மீட்டர் வாங்க மனமில்லை என்றால் ஈபி மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். முகப்பில் 3200 என்பதுபோல ஓர் எண் இருக்கும், பக்கத்தில் ஆங்கிலத்தில் ஐ.எம்.பி. என்று போட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை சிமிட்டும் என்று அதற்குப் பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள்: ஃபிரிட்ஜ், வைஃபை ரவுட்டர், முக்கியமாக இன்வெர்ட்டர். (இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் கணக்கு முழுவதும் தப்பாகும். பத்து நிமிடம்தான், ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது.) கம்ப்யூட்டரை மட்டும் ஓட விட்டு, பத்து சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். அதைப் பத்தால் வகுங்கள். 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். மீட்டரில் 3200 இல்லாமல் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை 1125-க்குப் பதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மானிட்டரை அணைத்து, சிபியு பெட்டி மட்டும் சும்மா ஓடும்போது 18 நொடிக்கு ஒரு சிமிட்டல் வந்தது. அதாவது ஏறக்குறைய 62 வாட். பெட்டியில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது, உங்களுக்கு இதைவிடக் குறையலாம். நான் வேலை செய்வது 8 மணி நேரம். மீதி 16 மணி நேரம் அது சும்மா ஓடியது. ஒரு நாளைக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்! திரை கறுப்பாக இருப்பதால் சிஸ்டம் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரீன் சேவர் ஓடினாலும், மானிட்டரை மட்டும் அணைத்தாலும், பெட்டி முழு விழிப்பில்தான் இருக்கும்.

அப்புறம் ஸ்லீப்பில் போட்டு அளந்தேன். ஒரு சிமிட்டலுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று வாட் அளவுதான்.

படி 2: எதற்கு எது என்று முடிவெடுங்கள்

ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்த வேலை எல்லாம் ரேமில், அதாவது கரன்ட் இருக்கும்வரை மட்டும் நிற்கும் தற்காலிக நினைவகத்தில் இருக்கும், அதைக் காப்பாற்றக் கொஞ்சம் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைபர்னேட்டில் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டுப் பெட்டி முழுதாக அணைந்துவிடும். திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

சாப்பாட்டுக்கு எழுந்து போகிறீர்களா, கடைக்குப் போய் வருகிறீர்களா, ஸ்லீப். அரை நாள் வெளியே போகிறீர்கள், வேலையோ பாதியில் நிற்கிறது என்றால் ஹைபர்னேட். இரவுக்கு ஷட் டவுன். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஸ்லீப்பை நான் நம்பவே மாட்டேன். கரன்ட் போன நொடியில் ரேமில் இருந்தது போய்விடும். எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்துவார்கள். நாற்பது பக்கம் திருத்தி, சேமிக்காமல் ஸ்லீப்பில் போட்டுவிட்டு ஒருநாள் தூங்கி எழுந்து இழந்திருக்கிறேன். இப்போது 600 விஏ யூபிஎஸ் வைத்திருக்கிறேன், எனக்குப் பன்னிரண்டு நிமிடம் தாங்குகிறது. சேமித்து அணைக்க அது போதும்.

படி 3: ஷட் டவுன் உண்மையில் ஷட் டவுன்தானா?

இந்த இடத்தில்தான் நான் ஒரு மாதத்துக்கு மேல் மாட்டிக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முடிவெடுத்த நாளிலிருந்து தினம் இரவு ஒழுங்காக ஷட் டவுன் கொடுத்துத்தான் படுத்தேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு ஃபாண்ட் பட்டியல் திறக்கவே அரை நிமிடம் ஆனது. பிரிண்டர் பதில் சொல்லவில்லை. அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் அதே கோளாறு அப்படியே இருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் சரியாகிறது. அணைத்துப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதானே என்று குழம்பிப் போனேன்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது விடை கிடைத்தது. நீங்களும் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே அப் டைம் என்று ஒரு நேரம் ஓடும், அதில் முதல் எண் நாள் கணக்கு. எனக்கு 41 என்று இருந்தது. முந்தைய இரவு என் கையால் அணைத்த சிஸ்டம் 41 நாளாக ஓடுவதாகச் சொன்னது.

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த வசதி, 10-லும் 11-லும் தொடர்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்த புரோகிராம்களை மூடிவிடும். ஆனால் விண்டோஸின் உள்மையத்தையும் டிரைவர்களையும் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்) அப்போதிருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் புதிதாகத் தொடங்காமல் அதையே எடுத்துப் போடும். பிரிண்டர் டிரைவர் குழம்பியிருந்தால் அந்தக் குழப்பத்தோடே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் மட்டும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். கரன்ட் செலவு என்று பார்த்தால் பெட்டி அணைந்துதான் இருக்கிறது. ஆனால் அணைப்பதால் கிடைக்க வேண்டிய புதுத் தொடக்கம் கிடைப்பதில்லை.

இதை நிறுத்த, கன்ட்ரோல் பேனல் திறந்து பவர் ஆப்ஷன்ஸ் போங்கள். இடப்பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்று இருக்கும், அதை அழுத்துங்கள். கீழே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற பெட்டி டிக்கோடு இருக்கும். டிக்கை எடுக்கப் பார்த்தால் எடுபடாது, மங்கலாகத்தான் இருக்கும். இங்கே நான் இரண்டு நாள் நின்றேன். அட்மின் கணக்கில்தானே இருக்கிறேன், ஏன் விடமாட்டேன் என்கிறது என்று. விடை அதே பக்கத்தின் மேலேயே இருக்கிறது. 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்' என்று நீல நிறத்தில் ஒரு வரி. பார்க்க ஏதோ அறிவிப்பு மாதிரி இருக்கும், ஆனால் அது அழுத்த வேண்டிய இணைப்பு. அதை அழுத்தினால் கீழே உள்ள பெட்டிகள் உயிர் பெறும். டிக்கை எடுத்துவிட்டு சேவ் சேஞ்சஸ் கொடுங்கள். அணைத்துப் போட்டு அப் டைமைப் பாருங்கள், சுழியத்திலிருந்து தொடங்கியிருக்கும்.

எஸ்எஸ்டி இருந்தால் இதனால் சில நொடிதான் கூடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அப்படிப்பட்டவர்கள் வசதியை வைத்துக்கொண்டு, வாரம் இரண்டு முறை ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அந்த ஒரு முறைக்கு முழுதாக அணையும். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் டிரைவில் லினக்ஸ் எழுத முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

படி 4: ஹைபர்னேட்டை மெனுவுக்குக் கொண்டுவருவது

அதே பக்கத்தில், அதே பட்டியலில் ஹைபர்னேட் என்று ஒரு பெட்டி இருக்கும். டிக் போட்டுச் சேமியுங்கள். இனி ஸ்டார்ட் மெனுவின் பவர் பட்டனில் அதுவும் தெரியும். டிஸ்க்கில் சில ஜிபி இடம் எடுக்கும், அவ்வளவுதான். லேப்டாப் வைத்திருப்பவர்கள் மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பில் பைக்குள் போன லேப்டாப் உள்ளே தானாக விழித்து, தொட முடியாத சூட்டில் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். ஹைபர்னேட்டும் பழைய நிலையையே தொடரும் என்பதால், அதை மட்டுமே மாதக்கணக்கில் பயன்படுத்த வேண்டாம்.

படி 5: இரவில் ஏதாவது இறங்கிக்கொண்டிருந்தால்

டவுன்லோடு முடிய ஒரு மணி நேரம் ஆகும், தூக்கமும் வருகிறது. இதற்கென்று தனிச் செயலி தேடி இறக்காதீர்கள், விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள். வரும் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஷட்டவுன் என்று ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் எஸ்-ஸும், மறுபடி இடைவெளி விட்டு, சாய்கோடும் டி-யும், இன்னொரு இடைவெளி விட்டு 3600 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 3600 என்பது நொடிக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். மனம் மாறினால் அதே சொல்லுக்குப் பின் சாய்கோடும் ஏ-யும் போட்டால் ரத்தாகும். அதற்குமுன் திறந்திருப்பதைச் சேமித்துவிடுங்கள்.

சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டுமா என்றால், இடி மின்னல் உள்ள நாளில் சுவிட்சு மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துத்தான். அந்த வழியாகவும் மின்னல் வரும். மற்ற நாளில் உங்கள் விருப்பம். தினமும் சுவரில் அணைத்தால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி சீக்கிரம் தீரும். கடிகாரம் பின்னோக்கிப் போனால் அதை மாற்றுங்கள், விலை குறைவுதான்.

இவற்றைச் செய்தபின் வந்த கணக்கு 468 யூனிட்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் வந்த சிக்கல்கள்

"ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பெட்டியே இல்லை, ஹைபர்னேட்டும் இல்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உங்கள் சிஸ்டத்தில் ஹைபர்னேட் முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கும். கமாண்ட் பிராம்ப்டை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டி அடியுங்கள். இடைவெளி விட்டுச் சாய்கோடும் ஹெச்-சும், இன்னொரு இடைவெளி விட்டு ஆன் என்றும் அடியுங்கள். பெட்டிகள் வந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் டிக்கோடு வந்திருந்தால் படி 3-ஐ மறுபடி செய்யுங்கள்.

ஸ்லீப்பில் போட்டது நடுராத்திரி தானாக எழுந்துகொள்கிறது என்பது அடுத்தது. அதே கட்டளையில் ஹெச், ஆன் இரண்டுக்கும் பதிலாகச் சாய்கோட்டுக்குப் பின் லாஸ்ட்வேக் என்று ஒரே சொல்லாக அடித்தால், எது எழுப்பியது என்று பெரும்பாலும் காட்டும். நெட்வொர்க் கார்டு என்றால் டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் போய், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். ஒருவருக்கு மவுஸ்தான் காரணம், மேசை லேசாக ஆடினாலே எழுந்திருக்கிறது. அதற்கும் இதே வழிதான்.

மூன்றாவது சிக்கலை எழுதியவர், அணைத்து வைத்த சிஸ்டம் கரன்ட் போய் வந்ததும் தானே ஓடத் தொடங்குகிறது என்றார். அது விண்டோஸ் வேலை இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) போங்கள். ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ், அல்லது ஏசி பேக் என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதைப் பவர் ஆஃப் என்று வைத்து, எஃப்10 கொடுத்துச் சேமியுங்கள். அவருக்குச் சரியாகிவிட்டது.