நைஜீரிய அணியை அலசுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கும் மூன்று இளைஞர்கள், நைஜீரியத் தேசிய அணியைப் பற்றிய தங்கள் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனாலும் மூன்று கட்டுரைகளும் ஏறத்தாழ ஒரே பத்தியுடன்தான் தொடங்கின. விக்டர் ஒசிமென், அடெமோலா லுக்மன், சாமுவேல் சுக்வுவேசே, விக்டர் போனிஃபேஸ் என்று பெயர்களை அடுக்கி, இத்தனை பேர் இருந்தும் இந்த அணி ஏன் திணறுகிறது என்று கேட்டு, முழுப் பழியையும் பயிற்சியாளர் தலையில் சுமத்தியிருந்தார்கள். 2024 ஜனவரியில், ஐவரி கோஸ்ட்டில் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை தொடங்குவதற்கு முன்பு, நானும் இதே பத்தியை எழுதியிருக்கிறேன். பெயர், தேதி, கோல் கணக்கு ஆகியவற்றில் நேரும் பிழைகளை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்ளலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்கள வீரர்களை எண்ணி அணியை எடைபோடுவது

என் முன்னோட்டக் கட்டுரையின் பெரும்பகுதியை முன்கள வீரர்களே எடுத்துக்கொண்டார்கள். தகுதிச் சுற்றில் ஒசிமென் 10 கோல்கள் அடித்திருந்தார். அவற்றில் 4 கோல்கள், சாவோ டோமே அணியை 10-0 என்று வீழ்த்திய ஒரே ஆட்டத்தில் வந்தவை. 2023 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரருக்கான விருதும் அவருக்குக் கிடைத்திருந்தது. இவற்றையெல்லாம் ஆர்வத்தோடு எழுதிய நான், போனிஃபேஸ் காயத்தால் விலகியதற்கு ஒரு பத்தியை ஒதுக்கினேன். நடுக்களத்தில் பந்தை மீட்டுத் தரும் வில்பிரட் என்டிடி காயத்தால் விலகியதற்கு ஒரே ஒரு வரியைத்தான் கொடுத்தேன். அந்த ஒரு வரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஜனவரி 14 அன்று அபிஜானில் எக்குவடோரியல் கினியுடன் நைஜீரியா 1-1 என்று சமன் செய்தது. இவான் சால்வடோர் அடித்த கோலுக்கு இரண்டே நிமிடத்தில் ஒசிமென் தலையால் முட்டிப் பதில் கொடுத்தார். அதன் பிறகு வந்த வாய்ப்புகள் வீணாயின. இன்னொரு முன்கள வீரரை இறக்கியிருந்தால் வென்றிருக்கலாம் என்று அன்றிரவு எழுதினேன். அப்போதைய பயிற்சியாளர் ஜோசே பெசெய்ரோ நேர்மாறான முடிவை எடுத்தார். போட்டியை நடத்தும் ஐவரி கோஸ்ட்டுடன் ஜனவரி 18 அன்று நடந்த ஆட்டத்தில் செமி அஜாயி, வில்லியம் ட்ரூஸ்ட் எகோங், கால்வின் பாஸி என்று நடுப் பின்கள வீரர்கள் மூவரை நிறுத்தி, பக்கவாட்டில் ஓலா ஐனாவையும் சைது சனுசியையும் முன்னும் பின்னும் ஓடவிட்டார். ஒசிமெனை வைத்துக்கொண்டு தற்காப்பு ஆட்டம் ஆடுவதா என்று நைஜீரியாவிலேயே பலர் கொதித்தார்கள். நானும் அதைக் கோழைத்தனம் என்று எழுதினேன்.

அடுத்து நடந்ததைக் கணக்காகப் பாருங்கள். ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், கேமரூன், அங்கோலா ஆகிய நான்கு அணிகளாலும் நைஜீரியாவுக்கு எதிராக ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. இறுதி ஆட்டம் வரை ஆடிய 7 ஆட்டங்களில் நைஜீரியாவுக்குக் கிடைத்தவை மொத்தம் 8 கோல்கள். அவற்றில் லுக்மன் 3 கோல்களும், நடுப் பின்கள வீரரான ட்ரூஸ்ட் எகோங் 3 கோல்களும் அடித்தார்கள். ஒன்று எதிரணியின் சொந்த கோல். தகுதிச் சுற்றில் 10 கோல்கள் அடித்த ஒசிமெனின் பங்கு ஒன்றே ஒன்று. போட்டியின் சிறந்த வீரராக அறிவிக்கப்பட்டவரும் ட்ரூஸ்ட் எகோங்தான்.

இதைப் பார்த்துவிட்டு ஒசிமென் சோபிக்கவில்லை என்று எழுதுவது அதே தவற்றை வேறு வழியில் செய்வதாகும், அதையும் செய்தேன். பிறகு ஒரு நாள் கேமரூனுடனான ஆட்டத்தின் பதிவை ஒலியை நிறுத்திவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் கோடு போட்டு, பந்து யாரிடம் போனது, அதற்கு முன் யாரிடம் இருந்தது என்று குறித்துக்கொண்டே பார்த்தேன். 36ஆம் நிமிடத்துக் கோலை அதுவரை என் குறிப்புகளில் ‘லுக்மன் கோல்’ என்று மட்டுமே வைத்திருந்தேன். பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான், கேமரூனின் பின்கள வீரர் பந்தை வைத்துக்கொண்டு தயங்கும் நொடியில் ஒசிமென் பாய்ந்து சென்று அதைப் பறித்து, தானே அடிக்கப் போகாமல் பக்கத்தில் ஓடிவந்த லுக்மனுக்குத் தள்ளிவிடுவது கண்ணில் பட்டது. ஐவரி கோஸ்ட்டுக்கு எதிரான பெனால்டியும், அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான பெனால்டியும் ஒசிமெனைத் தடுக்கப் போய் எதிரணி செய்த தவறுகளால் வந்தவை. பின்னால் மூவர் நிற்கிறார்கள் என்ற துணிவில்தான் அவரால் அப்படிப் பாய முடிந்தது. பெசெய்ரோவின் அமைப்பு ஒசிமெனை அடக்கிவைக்கவில்லை. அவருக்கு வேறொரு வேலையைக் கொடுத்தது.

ஆனால் அந்த அமைப்புக்கு ஒரு விலையும் இருந்தது. நடுக்களத்தில் அலெக்ஸ் இவோபி, ஃபிராங்க் ஒன்யேக்கா என்று இருவர் மட்டுமே நின்றார்கள். பிப்ரவரி 11 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட் நடுக்களத்தில் கெஸ்ஸியே, செரி, செக்கோ ஃபோபானா என்று மூவரை நிறுத்தியது. 38ஆம் நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை ட்ரூஸ்ட் எகோங் தலையால் முட்டி நைஜீரியாவை முன்னிலைக்குக் கொண்டுபோன பிறகும், பந்து பெரும்பாலும் ஐவரி கோஸ்ட் வீரர்களிடமே இருந்தது. நைஜீரியப் பின்களத்திலிருந்து வெளியே தட்டப்பட்ட பந்து விழும் இடத்தில் எப்போதும் ஓர் ஆரஞ்சுச் சட்டை கூடுதலாக நின்றது. சிமோன் அடிங்ரா இடப்பக்கத்திலிருந்து ஓயாமல் அழுத்தினார். 62ஆம் நிமிடத்தில் அவர் அடித்த கார்னரை கெஸ்ஸியே தலையால் கோலாக்கினார். 81ஆம் நிமிடத்தில் அடிங்ரா கொடுத்த பந்தை முன்கள வீரர் செபாஸ்டியன் அலர் கோலுக்குள் திருப்பினார். 2-1.

தோல்விக்குப் பிறகு சமூக ஊடகங்களில் வசையெல்லாம் இவோபி மீது பாய்ந்தது. அவர் தன் இன்ஸ்டாகிராம் படங்களை நீக்கிவிட்டார். வசையை நிறுத்துங்கள் என்று சக வீரர் அகமது மூசா வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. முன்கள வீரர்களின் பெயர்களை மட்டுமே எண்ணிப் பழகிய கண்ணுக்கு, இருவர் மூவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது தெரிவதில்லை. பந்தை இழந்த ஒருவரின் முகம் மட்டும் தெரிகிறது. கோல் வேண்டுமென்றால் இன்னொரு முன்கள வீரரை இறக்கு என்று கத்தியவர்களும், இவோபியை ஏசியவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம். அன்று தேவைப்பட்டவர் நடுக்களத்தில் மூன்றாவதாக ஒருவர். பெசெய்ரோவைக் குறை சொல்ல விரும்பினால், அந்த மூன்றாமவரை முன்னதாகவே இறக்கவில்லை என்பதைச் சொல்லுங்கள், நியாயமாக இருக்கும்.

இது 2024இல் புதிதாக வந்த சிக்கலும் அன்று. 2018 உலகக் கோப்பையில், செல்சியில் பல ஆண்டுகள் பின்களத்துக்கு முன்னால் நின்று ஆடிய ஜான் ஒபி மிக்கேலை, குரோஷியாவுக்கு எதிராகப் பயிற்சியாளர் கெர்நோட் ரோர் முன்கள வீரருக்குப் பின்னால் நிறுத்தினார். நைஜீரியா 2-0 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் பின்களத்தில் மூவர், முன்களத்தில் இருவர் என்று மாற்றி, மிக்கேலைப் பின்னுக்குக் கொண்டுவந்தபோது, ஐஸ்லாந்துக்கு எதிராக அகமது மூசா 2 கோல்கள் அடித்தார். மூசாவின் வேகத்தைப் பற்றி அன்று எல்லாரும் எழுதினார்கள். மிக்கேல் பின்னால் நகர்ந்ததைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

எனவே என்னிடம் வரும் புதியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்டுரையில் முதல் முன்கள வீரரின் பெயரை எழுதுவதற்கு முன், நடுக்களத்தில் யார் யார், அவர்களில் பந்தை மீட்பவர் யார், மீட்ட பந்தை முன்னே கொண்டுபோகிறவர் யார் என்று எழுதிவிடுங்கள். எழுத முடியவில்லை என்றால் ஆட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.

பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது

ஷைபு அமோடுவின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் இறங்காதீர்கள். 2002 உலகக் கோப்பைக்கு அவர் நைஜீரியாவைத் தகுதி பெறச் செய்தார். அதே ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பையில் அணி மூன்றாம் இடம் பெற்றது. அவர் நீக்கப்பட்டு, அடெக்போயே ஒனிக்பிண்டே அணியை உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். எட்டு ஆண்டுகள் கழித்து அதுவே மறுபடி நடந்தது. அமோடு மீண்டும் தகுதி பெறச் செய்தார்; 2010 ஆப்பிரிக்கக் கோப்பையில் மீண்டும் மூன்றாம் இடம்; மீண்டும் நீக்கம்; இம்முறை வந்தவர் சுவீடனின் லார்ஸ் லாகர்பேக். இரண்டு உலகக் கோப்பைகளிலும் நைஜீரியா ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல், ஒரே ஒரு சமனோடு முதல் சுற்றிலேயே வெளியேறியது.

2021 டிசம்பரில், ஆப்பிரிக்கக் கோப்பைக்குச் சில வாரங்களே இருக்கும்போது ரோர் நீக்கப்பட்டார். இடைக்காலப் பயிற்சியாளர் அகஸ்டின் எகுவாவோன் முதல் சுற்றின் 3 ஆட்டங்களிலும் வென்று, அடுத்த சுற்றில் துனிசியாவிடம் 1-0 என்று தோற்றார். மார்ச்சில் கானாவுடன் குமாசியில் 0-0, அபுஜாவில் 1-1 என்று முடிய, வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதியால் கானா உலகக் கோப்பைக்குச் சென்றது. 2024 ஜூனில் ஃபினிடி ஜார்ஜ், தென்னாப்பிரிக்காவுடன் சமன் செய்து, பெனினிடம் 2-1 என்று தோற்ற இரண்டே 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டங்களோடு பயிற்சியாளர் பதவியிலிருந்து விலகினார். பெனின் அணியின் பயிற்சியாளர் அன்று யார் தெரியுமா? ரோர்தான்.

அந்தத் தகுதிச் சுற்றின் முதல் 4 ஆட்டங்களில் நைஜீரியாவுக்குக் கிடைத்தவை 3 புள்ளிகள். கடைசியில் தென்னாப்பிரிக்கா 18 புள்ளிகளுடன் நேரடியாகத் தகுதி பெற, நைஜீரியா 17 புள்ளிகளில் நின்றுவிட்டது. பொறுப்பேற்ற எரிக் ஷெல் பின்னர் நடுக்களத்தில் நால்வரை வைர வடிவில் நிறுத்தி ஆடவைத்ததை நான் வரவேற்கிறேன். என்டிடியும் இவோபியும் அந்த அமைப்பில் தனித்து விடப்படுவதில்லை. ஆனால் அவர் வந்து சேர்ந்தபோதே அந்தத் தொடக்கப் புள்ளிகள் பறிபோயிருந்தன. ஒரு பயிற்சியாளரை எடைபோடும்போது, அவர் எந்த நாளில் பொறுப்பேற்றார், அவருக்கு முன் என்ன இழக்கப்பட்டிருந்தது என்பவற்றை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்று கோடு கிழிப்பது

1994இல் அணித் தலைவராகவும் 2013இல் பயிற்சியாளராகவும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற ஸ்டீபன் கேஷியை, உள்ளூர் வீரர்களா, வெளிநாட்டில் பிறந்தோ ஆடியோ வருபவர்களா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். 2013இல் அவர் உள்நாட்டு லீகில் ஆடியவர்களை அணியில் சேர்த்தார்; காலிறுதியில் ஐவரி கோஸ்ட்டை வீழ்த்திய கோலையும், இறுதியில் புர்க்கினா ஃபாசோவை வீழ்த்திய ஒரே கோலையும் அடித்த சண்டே எம்பா அவர்களில் ஒருவர். இங்கிலாந்தில் ஆடிய ஒடெம்விங்கியை அப்போது சேர்க்கவில்லை. ஆனால் 2014 உலகக் கோப்பைக்கு அதே கேஷி அதே ஒடெம்விங்கியை அழைத்தார். போஸ்னியாவுக்கு எதிரான வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். தனக்கு எந்த இடத்தில் யார் தேவை என்பதைத்தான் கேஷி பார்த்தார்.

2024இலும் அப்படித்தான். லண்டனில் பிறந்த லுக்மனும் நெதர்லாந்தில் பிறந்த ட்ரூஸ்ட் எகோங்கும் கோல்கள் அடித்தார்கள். தென்னாப்பிரிக்க லீகில் சிப்பா யுனைடெட் அணிக்காக ஆடிய கோல்கீப்பர் ஸ்டான்லி நுவபாலி, புவாக்கே நகரில் நடந்த அரையிறுதியின் பெனால்டிகளில் இரண்டைத் தடுத்தார்.

‘உடல் வலிமை’

இந்தச் சொல்லை எழுதாதீர்கள். இது எந்த ஆட்டத்தையும் விளக்கியதில்லை.

‘சிறிய நாட்டிடம் சமன்’

ஜனவரி 14 அன்று நைஜீரியாவுடன் சமன் செய்த அதே எக்குவடோரியல் கினி எட்டு நாட்கள் கழித்து, அந்தக் கோப்பையை வெல்லவிருந்த ஐவரி கோஸ்ட்டை 4-0 என்று தோற்கடித்தது.

ஊக்கத்தொகைத் தகராறைப் பேராசை என்பது

2014இல் பிரான்சுடன் மோதுவதற்கு முன்பும், 2025 நவம்பரில் காபோனுடன் மோதுவதற்கு முன்பும் வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். கொடுப்பதாக ஒப்புக்கொண்ட தொகையைத்தான் அவர்கள் கேட்டார்கள். பயிற்சிக்கென்று இருப்பதே சில நாட்கள். அதில் ஒரு நாள் போய்விட்டால் எந்த அமைப்பை எப்படிப் பழகுவது என்று கேட்பதே ஆய்வாளரின் வேலை.

பெனால்டிகளின் முடிவை வைத்து ஆட்டத்தை மதிப்பிடுவது

புவாக்கேயில் நைஜீரியா பெனால்டிகளில் வென்றது. 2025 நவம்பர் 16 அன்று ரபாத்தில் காங்கோ ஜனநாயகக் குடியரசிடம் பெனால்டிகளில் தோற்று 2026 உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. முதல் ஆட்டத்துக்குப் பாராட்டையும் இரண்டாவதற்குச் சாபத்தையும் மட்டுமே எழுதியவர்களைப் பார்த்தேன். என்னிடம் வந்த மூன்று கட்டுரைகளும் ரபாத் ஆட்டத்தைப் பெனால்டி தவறவிட்டவர்களின் பெயர்களோடு முடித்திருந்தன. அந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நைஜீரியாவுக்குக் கோல் அடித்தவர் நடுக்கள வீரர் ஒன்யேக்கா. இடைவேளையோடு ஒசிமென் காயத்தால் வெளியேறிவிட்டார். அவர் இல்லாத இரண்டாம் பாதியிலும் கூடுதல் நேரத்திலும் பந்தை மீட்டவர் யார், மீட்ட பந்து யாரிடம் போனது என்பதை எழுதி, கட்டுரைகளை மீண்டும் அனுப்பும்படி மூவரிடமும் கேட்டிருக்கிறேன்.