குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியிருக்கப் பழைய டிராவல் டிரெய்லரைத் தேர்ந்தெடுத்தல்

டிராவல் டிரெய்லர் என்பது வேறொரு வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி. இவற்றில் பெரும்பாலானவை விடுமுறை நாட்களில் தங்குவதற்காகவே கட்டப்படுகின்றன. அத்தகைய வண்டியில் ஆண்டு முழுவதும் சமைத்து, குளித்து, துணி உலர்த்தி வாழப்போகும் குடும்பம், உள்ளே இருக்கும் மெத்தையையும் திரைச்சீலையையும் பார்ப்பதற்கு முன்பு நீர்க்கசிவைத்தான் தேட வேண்டும். எந்திரப் பழுதுகளுக்கு ஒரு செலவோடு முடிவு உண்டு; சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் ஊறி மக்கிவிட்டாலோ, பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

ஏணி வைத்துக் கூரையில் உள்ள இணைப்புகளையும் காற்றுப்போக்கிகளின் ஓரங்களையும் பார்த்து, அடைப்புப் பசை வெடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே மேல் அலமாரிகளின் மூலைகளையும் சன்னல்களின் அடிப்பகுதியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கதவருகிலும் குளியலறையிலும் தரை மெத்தென்று அமிழ்ந்தால் அடிப்பலகை போய்விட்டது என்று பொருள். வெளிச்சுவரோடு ஒட்டி நின்று சாய்வாக நோக்கினால், நீர் புகுந்து மேற்தகடு உப்பியிருக்கும் இடங்கள் தெரியும். ஒரே ஒரு மூலையில் மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால், வெளிப்படையாகக் கறை தெரியும் வண்டியைக் காட்டிலும் அதையே அதிகம் சந்தேகிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் சென்று பார்ப்பது நல்லது.

அடுத்தது எடை. வண்டியில் ஒட்டப்பட்ட தகட்டில் உள்ள அதிகபட்ச எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. 3,400 கிலோ வரம்பும் 2,700 கிலோ வெற்று எடையும் உள்ள வண்டியில் 700 கிலோ மிஞ்சும். 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 150 கிலோ போய்விடும், மீதியில்தான் அனைவரின் உடைகளும் பாத்திரங்களும் புத்தகங்களும் அடங்க வேண்டும். பழைய உரிமையாளர் பின்னர் பொருத்தியவை தகட்டில் சேராது என்பதால், எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பதே உறுதியானது. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் வழியாக இழுவை வண்டியின் மீது இறங்கும். அதனால் அந்த வண்டியின் இழுதிறனோடு அதன் சுமைதாங்கும் அளவையும், பயணிகளின் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயர், பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும், மாற்ற வேண்டியதே. அந்தச் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.

எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டி குளிரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், முந்தைய நாளே இயக்கி வைக்கும்படி விற்பவரிடம் கேளுங்கள். அதில் அம்மோனியா நெடி அடித்தால் குளிரூட்டும் பகுதி பழுதானதாகக் கொள்ளலாம்.

உள்ளமைப்பைப் பொறுத்தவரை, வெளியே நீளும் அறைப்பகுதிகளை உள்ளிழுத்த நிலையிலும் கழிவறைக்கும் அடுப்புக்கும் செல்ல முடிகிறதா என்று நேரில் சோதியுங்கள். பயணத்தின் நடுவில் குழந்தைக்கு அவசரம் வரும்போது இதன் அருமை தெரியும். அடுக்குப் படுக்கையின் நீளத்தையும் அது தாங்கும் எடையையும் வளரும் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

முன்பணம் தருவதற்கு முன், அடிச்சட்ட எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா, கடன் நிலுவை உண்டா என்று சரிபார்த்து, நிரந்தரமாகக் குடியிருக்கப்போவதைக் காப்பீட்டாளரிடம் சொல்லி, அதற்குரிய காப்பீடு கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.