ஆன்டிகனி நாடகத்தில் கிரியோனைத் தப்பாகப் படிப்பது எப்படி

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் 'ஆன்டிகனி'யைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் வரியிலேயே "இது குடும்பத்துக்கும் அரசுக்கும் இடையிலான மோதல்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் கோடு போட்டுப் பிரித்தால் தீப்ஸ் நகர அரசன் கிரியோன் கைநழுவிப் போய்விடுவான். அவனுக்கு ஆட்சி கிடைத்ததே உறவால்தான்.

உறவுமுறையிலேயே தடுமாற்றம் தொடங்குகிறது. கிரியோனைச் சித்தப்பா என்று எழுதுகிறார்கள். அவன் ஆன்டிகனியின் தாய்மாமன், ஜொகாஸ்டாவின் உடன்பிறந்தவன். ஜொகாஸ்டா, ஆன்டிகனியின் அப்பா ஈடிபஸுக்கு மனைவி, அவனைப் பெற்ற தாயும் அவளே. ஆகவே கிரியோன் ஈடிபஸுக்கு மைத்துனன், மாமன் இரண்டும்தான். ஆன்டிகனியோ தன் அப்பாவுக்கே தங்கை முறை. அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஹீமோன், கிரியோனின் மகன். மாமன் மகன் என்றதும் நமக்குச் சட்டென்று பிடிபடும். அதற்காக நம் ஊர் முறைப்பையன் கணக்கை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டாம். கிரேக்கர்கள் சித்தப்பா மகளையும் கட்டிக்கொள்வார்கள்.

அடுத்த தவறு, கிரியோன் அரியணையைப் பறித்துக்கொண்டவன் என்பது. ஆன்டிகனியின் சகோதரர்கள் எட்டியோக்ளிஸும் பாலினைசஸும் ஆட்சிக்காகப் போரிட்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு ஒரே நாளில் சாகிறார்கள். தீப்ஸ் நகரப் பெரியவர்கள் முன்னால் கிரியோன் பேசும் முதல் பேச்சில், இறந்தவர்களுக்கு நெருங்கிய உறவு என்பதால் ஆட்சி தனக்கு வந்தது என்று சொல்கிறான். அதே பேச்சில்தான், தாய்நாட்டைவிடத் தன் மனிதர்களைப் பெரிதாக நினைப்பவன் எனக்கு ஒன்றுமே இல்லை என்கிறான். நகரத்தின்மேல் படையெடுத்து வந்த பாலினைசஸை யாரும் புதைக்கக் கூடாது என்கிறான். செத்தவனைப் புதைப்பது நெருங்கிய உறவினரின் கடமை. நெருங்கிய உறவு என்று சொல்லி ஆட்சியை எடுத்துக்கொண்டவன் யார்? இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது.

அப்புறம், ஆணையை மீறிப் பாலினைசஸுக்கு அடக்கச் சடங்கு செய்த ஆன்டிகனி பிடிபடுகிறாள். உடன்பிறந்தாள் மகளானாலும் சரி, நம் வீட்டு முற்றத்து ஸீயஸைக் கும்பிடும் எல்லோரையும்விட நெருங்கிய ரத்தமானாலும் சரி, இவள் தப்ப முடியாது என்கிறான் கிரியோன். முற்றத்து ஸீயஸ் என்பது குடும்பத்தைக் காக்கும் தெய்வம். அந்தத் தெய்வத்தை இழுத்துத்தான் சொந்த மருமகளுக்குத் தண்டனை சொல்கிறான்.

ஹீமோன் வரும் காட்சியைக் காதல் காட்சியாக நடிப்பவர்களும் உண்டு. அவனும் ஆன்டிகனியும் நாடகம் முழுக்க மேடையில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. "அப்பா, நான் உங்கள் பிள்ளை" என்ற பணிவில் தொடங்குகிறான். ஊர் என்ன பேசிக்கொள்கிறது என்று எடுத்துச் சொல்கிறான். பேச்சு முற்றியதும், ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஒரு நகரமே இல்லை என்கிறான். தகப்பன் அதிகாரமும் அரசன் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருப்பதால், எதிர்த்துப் பேசும் மகன் அங்கே கலகக்காரனாகவும் ஆகிவிடுகிறான்.

ஆன்டிகனியையும் குடும்பப் பாசத்தின் சிலையாக்கிவிட வேண்டாம். கூடவே சாக வருகிறேன் என்ற தன் சகோதரி இஸ்மெனியை அவள் எப்படி உதறுகிறாள் பாருங்கள். கணவனோ பிள்ளையோ செத்திருந்தால் சட்டத்தை மீறியிருக்க மாட்டேன், பெற்றோர் போய்விட்டதால் இன்னொரு சகோதரன் பிறக்க வழியில்லை என்றும் சொல்கிறாள். இந்த வரிகள் இடைச்செருகலாக இருக்கக் கூடாதா என்று ஜெர்மன் கவிஞர் கேதே ஆசைப்பட்டார். ஆனால் அரிஸ்டாட்டிலே அவற்றை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

கடைசியாக, ஈடிபஸ் குடும்பத்தைப் பற்றி சோஃபோக்ளிஸ் எழுதிய மூன்று தீப்ஸ் நாடகங்களையும் ஒரே தொடர்கதையாகப் படிக்காதீர்கள். கதைப்படி முடிவில் வரும் 'ஆன்டிகனி'தான் முதலில் எழுதப்பட்டது, சுமார் கி.மு. 441இல். 'கொலோனஸில் ஈடிபஸ்' ஆசிரியர் இறந்தபின் கி.மு. 401இல் மேடையேறியது. அதில் வரும் வஞ்சகக் கிரியோனை வைத்து இந்தக் கிரியோனை எடைபோட முடியாது.