முகாம் பலகைக்குக் கடல் மணல் வேண்டாம்

மேசைப் போர் ஆட்டத்துக்கான 15 மி.மீ. உயர ரோமப் படைப் பொம்மைகளுக்கு முகாம் மாதிரி செய்பவர்கள், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் அள்ளி ஒட்டிவிடாதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, பெயின்ட்டுக்கு மேல் வெள்ளையாகப் பூக்கும். அந்தக் கருமணலில் கதிரியக்கத் தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமமும் உண்டு. வீட்டு அலமாரியில் வைக்கும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம். ஆற்றுமணலை நன்னீரில் அலசிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்தால் போதும்.

பலகைக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார் அழுத்திச் செய்த பலகை) நல்லது. ஒரு பக்கம் மட்டும் ஈரப் பசை பூசினால் வளையும்; முதலிலேயே இரு பக்கமும் விளிம்பும் பிரைமர் அடியுங்கள். பிறகு இரண்டு பங்கு ஃபெவிகாலில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து பூசி, மணல் தூவி, ஓர் இரவு விடுங்கள். டிபிஏ (பண்டைப் போர்களுக்கான மேசை ஆட்ட விதிமுறை) ஆட்டத்துக்கு என்றால், வீரர்களை ஒட்டிய 40 மி.மீ. முகப்புள்ள பேஸ் நிற்கச் சமதளம் ஒதுக்குங்கள்.

முகாமைச் சுற்றிய மண்கரை மேல் வேலியாக நடும் கழிகளுக்குத் தென்னை ஈர்க்குச்சியை மிஞ்சும் பொருள் கடையில் இல்லை. 12 மி.மீ. நீளத்தில் நறுக்கி, இரு முனையும் சீவி, நெருக்கமாக நடுங்கள்.

கூடாரத்துக்கு வெள்ளை அடிக்காதீர்கள். ரோமர் கூடாரம் தோலால் ஆனது, எட்டுப் பேருக்கு ஒன்று, பழுப்பே பொருந்தும். தரைக்கு அடர் பழுப்பு, காய்ந்ததும் காவி, கடைசியில் வெளிர் மஞ்சளை உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தடவுங்கள்.

ஜூனிலும் அக்டோபரிலும் மழை பிடித்தால் ஸ்ப்ரே வார்னிஷ் பனிபோல் வெளுத்துவிடும். அந்த மாதங்களில் பிரஷ்ஷால் பூசும் மேட் வார்னிஷே பாதுகாப்பு.