மல்டிபூட் கார்டில் உங்கள் லினக்ஸ் இமேஜ் பூட் ஆகவில்லையா? இப்படித் தேடுங்கள்

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஒரே எஸ்டி கார்டில் இரண்டு மூன்று ஓஎஸ் வைத்துக்கொள்ள (இதைத்தான் மல்டிபூட் என்கிறோம்) நினைப்பவர்கள் முன்பெல்லாம் நூப்ஸ் என்ற இன்ஸ்டாலர் பக்கம் போவார்கள். அது 2013 ஜூனில் வந்தது. இப்போது அதன் வழியில் வந்த பிஐஎன்என்தான் பலருக்கும் கைகொடுக்கிறது. அதன் பட்டியலில் இருக்கும் ஓஎஸ் என்றால் டிக் அடித்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும். நமக்கு வேண்டிய இமேஜ் (ஓஎஸ் முழுவதும் அடங்கிய கோப்பு) பட்டியலில் இல்லாமல், நாமே அதைப் பிரித்து, டார் கோப்பாக்கி (பல கோப்புகளைக் கட்டிய ஒரே பொட்டலம்), கூடவே அதன் விவரங்களைச் சொல்லும் இரண்டு மூன்று ஜேசன் கோப்புகளை எழுதிச் சேர்க்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. தனி கார்டில் எழுதினால் அருமையாக ஓடிய அதே இமேஜ் இங்கே வந்ததும் கறுப்புத் திரையோடு நின்றுவிடும்.

இமேஜில் தப்பு இருக்காது. தனி வீட்டிலேயே இருந்து பழகியவரை ஒண்டுக்குடித்தனத்துக்குக் கூட்டி வந்திருக்கிறோம், அவ்வளவுதான். முதல் பார்டிஷன் (கார்டில் பிரித்த ஒரு பகுதி) பூட், அதாவது தொடங்கத் தேவையான கோப்புகள், இரண்டாவது ரூட், அதாவது ஓஎஸின் மீதிக் கோப்புகள், கார்டில் மிச்சம் இருக்கும் இடமெல்லாம் எனக்கு என்று அந்த இமேஜ் நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை எந்தெந்தக் கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் நம் வேலை.

முதலில் கார்டின் அமைப்பை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மல்டிபூட் கார்டில் 1-வது பார்டிஷன் ரெக்கவரி (இன்ஸ்டாலர் இருக்கும் இடம்), 2-வது எக்ஸ்டெண்டட் (மற்ற பார்டிஷன்களை உள்ளே வைக்கும் வெறும் உறை), 5-வது செட்டிங்ஸ். நீங்கள் போடும் முதல் ஓஎஸின் பூட் 6-ல் உட்காரும், ரூட் 7-ல் உட்காரும். அடுத்த ஓஎஸ் 8-லிருந்து தொடங்கும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள், திரையில் வரும் பிழைகள் பாதி இந்த எண்களாகத்தான் பேசும்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் கண்ணில் பட்ட கோப்பையெல்லாம் திருத்த ஆரம்பித்தால் ஒரு வாரம் போய்விடும்.

பட்டியலில் உங்கள் ஓஎஸின் பெயரே வரவில்லை என்றால் ஜேசன் கோப்பைத் திறந்து பாருங்கள். கடைசி வரிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருந்தாலே முழுக் கோப்பும் செல்லாது. இணையத்திலிருந்து காப்பி அடித்த வரிகளில் மேற்கோள் குறி வளைந்து வந்திருக்கும், அது பார்வைக்குச் சரியாகத் தெரியும், ஆனால் ஜேசன் ஏற்காது. பைத்தானில் இருக்கும் ஜேசன் டூல் மாட்யூலைக் கொண்டு ஒருமுறை சோதித்தால் எந்த வரியில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். ஜேசன் சரியாக இருந்தும் பெயர் வரவில்லையா? ஓஎஸ் ஜேசனில் ஆதரிக்கும் மாடல்கள் என்று ஒரு வரிசை இருக்கும், அதில் உங்கள் போர்டு இருக்கிறதா பாருங்கள். பழைய கோப்பை மாதிரியாக எடுத்திருந்தால் பை 3-உடன் வரிசை முடிந்திருக்கலாம், நீங்கள் கையில் வைத்திருப்பது பை 4 ஆக இருக்கலாம்.

இன்ஸ்டால் பாதியில் நின்றால் பெரும்பாலும் அளவுதான் காரணம். பார்டிஷன்ஸ் ஜேசனில் ஒவ்வொரு பார்டிஷனுக்கும் அளவு எம்பியில் கொடுக்கிறோம், டார் கோப்பு விரித்தால் எவ்வளவு வரும் என்பதையும் கொடுக்கிறோம். ராஸ்பெர்ரி பை ஓஎஸுக்கு ராஸ்பியன் என்று பெயர் இருந்த காலத்து மாதிரியில் பூட் பார்டிஷனுக்கு 60, 70 எம்பிதான் போட்டிருப்பார்கள். 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பின் இமேஜில் பூட் பார்டிஷன் 512 எம்பி. பழைய எண்ணை அப்படியே விட்டால் இடம் போதாமல் நிற்கத்தான் செய்யும். டார் விரிந்த அளவைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள், கோப்பைச் சுருக்கும் எக்ஸ்இசட் கட்டளையின் பட்டியல் ஆப்ஷன் அதைச் சரியாகக் காட்டும். ரூட்டுக்கு அதைவிடத் தாராளமாகவே வையுங்கள், ஏனென்றால் அங்கே இருக்கும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தன் கணக்கு வழக்குக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், போதாததற்கு 5 சதவீதத்தை ரூட் யூசருக்கு (முழு அதிகாரம் உள்ள யூசர்) என்று ஒதுக்கியும் வைக்கும்.

டார் எடுக்கும் விதத்திலேயே வரும் இரண்டு கோளாறுகள் உண்டு. ஒன்று, ஃபோல்டருக்குள் போய் எடுக்காமல் வெளியே நின்று ஃபோல்டரையே எடுத்துவிடுவது. இன்ஸ்டால் பிழையே இல்லாமல் முடியும், ஆனால் ரூட் பார்டிஷனில் எல்லாம் ஒரு படி உள்ளே தள்ளிப் போயிருக்கும், கெர்னல் (ஓஎஸின் மையப்பகுதி) முதலில் ஓட்ட வேண்டிய இனிட் நிரலைத் தேடிக் காணாமல் பேனிக் ஆகி நின்றுவிடும். இன்னொன்று, ரூட் அதிகாரம் தரும் சுடோ கட்டளை இல்லாமல் டார் எடுப்பது. அப்போது சில கோப்புகளைப் படிக்கவே முடியாது. கோப்புகளை முதலில் வேறு ஃபோல்டருக்குச் சாதாரண யூசராகக் காப்பி செய்துவிட்டு டார் எடுத்தால் உரிமையாளர் விவரமும் போய்விடும். அந்த இமேஜ் பூட் ஆகும், லாகினும் ஆகும், சுடோ என்று அடித்ததும் சுடோ கோப்பு யுஐடி 0-க்கு, அதாவது ரூட் யூசருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், செட்யுஐடி பிட் (உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓட விடும் குறி) இருக்க வேண்டும் என்று மறுக்கும். இந்தச் செய்தியைப் பார்த்தால் அந்த இடத்திலேயே பர்மிஷன் திருத்திக்கொண்டு இருக்காதீர்கள், கெட்டுப்போனது அந்த ஒரு கோப்பு மட்டும் இல்லை. இமேஜை லூப் டிவைஸாக (ஒரு டிஸ்க் போல) மவுண்ட் செய்து, ரூட்டாக, எண் வடிவ உரிமையாளர் ஆப்ஷனோடு டாரைப் புதிதாக எடுங்கள்.

டார் இறங்கி முடிந்ததும் இன்ஸ்டாலர் நீங்கள் கூடவே கொடுத்த பார்டிஷன் செட்டப் ஸ்கிரிப்ட்டை ஓட்டும். எனக்குத் தெரிந்து அதிகம் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்த ஸ்கிரிப்ட் ஓடுவது உங்கள் ஓஎஸில் இல்லை, ரெக்கவரியில். அங்கே பிசிபாக்ஸ் என்ற எளிய ஷெல்தான் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) இருக்கிறது, வழக்கமான பாஷ் கிடையாது. பாஷுக்கே உரிய எழுத்துமுறை எதையும் பயன்படுத்தாதீர்கள். விண்டோஸ் நோட்பேடில் திறந்து சேமித்திருந்தால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம், கோப்பு அங்கேயே இருக்கும்போதே காணவில்லை என்று பிழை வந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். பிழையை விவரமாகப் பார்க்க ரெக்கவரித் திரையில் ஆல்ட்டையும் எஃப்2-வையும் சேர்த்து அழுத்தினால் லாகின் வரும். யூசர் ரூட், பாஸ்வேர்டு ராஸ்பெர்ரி. உள்ளே டெம்ப் (/tmp) ஃபோல்டரில் டீபக் (debug) என்ற கோப்பில் நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும்.

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இரண்டே வேலை. பூட் பார்டிஷனில் உள்ள, கெர்னலுக்கான குறிப்புகள் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பில் ரூட் எங்கே என்ற இடத்தை மாற்றுவது, ரூட் பார்டிஷனில் உள்ள, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இரண்டு மவுண்ட் வரிகளை மாற்றுவது. புதிய முகவரிகளை இன்ஸ்டாலரே பார்ட்1, பார்ட்2 என்ற மாறிகளில் கொடுக்கிறது. நீங்களாக 6, 7 என்று எண்ணை எழுதி வைக்காதீர்கள், நாளைக்கு வேறொருவர் இதை மூன்றாவது ஓஎஸாகப் போடும்போது அது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும். எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையில் பிரிப்புக் குறியாகச் சாய்வுக்கோட்டை வைத்தாலும் ஆகாது, டிவைஸ் பெயரிலேயே சாய்வுக்கோடு இருப்பதால் கட்டளை குழம்பிவிடும். செங்குத்துக் கோட்டை வையுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு புக்வோர்ம் இமேஜை மாற்றினேன். ஸ்கிரிப்ட்டை எனது பழைய புல்ஸ்ஐ (புக்வோர்முக்கு முந்தைய பதிப்பு) வேலையிலிருந்து எடுத்துப் போட்டேன். இன்ஸ்டால் சுத்தமாக முடிந்தது. பூட் கொடுத்தால் கெர்னல் வருகிறது, ரூட் மவுண்ட் ஆகிறது, அப்புறம் ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமுமாக ஓட, ஒன்றரை நிமிடம் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. முடிவில் எமர்ஜென்சி மோட். அதிலும் உள்ளே போக முடியவில்லை, ரூட் அக்கவுண்ட் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி, என்டரை அழுத்தினால் மறுபடி அதே வரி. இரண்டு மாலைப்பொழுது இப்படியே போனது. கடைசியில் கார்டை லேப்டாப்பில் செருகி எஃப்எஸ்டேப்பைத் திறந்தேன். ரூட் வரி மாறியிருந்தது, பூட் வரி மாறவே இல்லை, மூல இமேஜின் பார்ட்யுயுஐடி (பார்டிஷனின் அடையாள எண்) அப்படியே உட்கார்ந்திருந்தது. என் ஸ்கிரிப்ட் தேடியது பூட் என்ற பெயருக்குப் பின் ஒரு இடைவெளி வரும் வரியை. புக்வோர்மில் அந்தப் பார்டிஷன் மவுண்ட் ஆகும் இடம் பூட்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் ஃபோல்டர். தேடியது கிடைக்காவிட்டால் செட் பிழை எதுவும் சொல்லாது, சும்மா அடுத்த வரிக்குப் போய்விடும்.

அதனால் இப்போதெல்லாம் ஸ்கிரிப்ட்டின் கடைசியில் ஒரு சோதனையை வைத்துவிடுகிறேன். எஃப்எஸ்டேப்பில் பார்ட்1-இன் பெயர் இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடி, இல்லாவிட்டால் பிழையோடு வெளியேறச் சொல்கிறேன். இன்ஸ்டால் நேரத்திலேயே தெரிந்துவிடும். எஃப்எஸ்டேப்பில் இடைவெளிக்குப் பதிலாக டேப் எழுத்து போட்டிருக்கும் டிஸ்ட்ரோக்களும் உண்டு, அங்கேயும் இதே கதைதான், அதற்கும் இந்தச் சோதனை உதவும்.

பூட் கட்டத்தில் நின்றால் திரையில் வருவதை அப்படியே படியுங்கள். ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி அடைப்புக்குறிக்குள் 179, 2 என்று காட்டினால், 179 என்பது எஸ்டி கார்டு, 2 என்பது பார்டிஷன். உங்கள் தாளைப் பாருங்கள், 2 எக்ஸ்டெண்டட், அதில் ஃபைல் சிஸ்டமே இல்லை. சிஎம்டிலைன் மாறவில்லை என்று அர்த்தம். பார்ட்யுயுஐடி ஒன்றைச் சொல்லி அதற்காகக் காத்திருப்பதாக நின்றாலோ, அது இல்லை என்று பூட்டின் ஆரம்பக் கட்டத்து இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் விட்டாலோ அதுவும் இதே கோளாறுதான். சிஎம்டிலைன் முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், நடுவில் என்டர் விழுந்திருந்தால் அதற்குக் கீழே உள்ளது எதுவும் கெர்னலுக்குப் போய்ச் சேராது. திரையில் எதுவுமே இல்லாமல் பச்சை எல்இடி மட்டும் திரும்பத் திரும்ப மினுக்கினால் எண்ணுங்கள்: 4 முறை என்றால் ஸ்டார்ட் எல்ஃப் கோப்பு இல்லை, 7 முறை என்றால் கெர்னல் இல்லை. இரண்டுமே பூட் டார் சரியாக எடுக்கப்படவில்லை என்று காட்டுகின்றன.

சிஎம்டிலைனில் இன்னொன்றையும் பாருங்கள். இனிட் என்று தொடங்கி முதல் பூட் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கூப்பிடும் பகுதி அதில் இருக்கும். தனி கார்டில் ரூட்டைக் கார்டு முழுக்க விரிப்பதற்காக வைத்தது அது. இங்கே அந்தப் பங்கீட்டை இன்ஸ்டாலர் ஏற்கெனவே முடித்துவிட்டது, அதனால் கண்டிப்பாக நீக்குங்கள். இடம் விரிப்பதோடு அது நிற்பதில்லை, கார்டின் டிஸ்க் அடையாள எண்ணையே புதிதாக மாற்றி எழுதும். தன் கோப்புகளை மட்டும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். பக்கத்தில் பார்ட்யுயுஐடியை நம்பியிருந்த மற்ற ஓஎஸ் எல்லாம் அன்றோடு பூட் ஆகாது. புது ஓஎஸ் நன்றாக ஓடுகிறது, நேற்றுவரை ஓடியதெல்லாம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த வரியைப் பற்றித்தான்.

லாகின் திரை வந்தும் உள்ளே போக முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். 2022 ஏப்ரலிலிருந்து ராஸ்பெர்ரி பை ஓஎஸில் பை என்ற பழைய யூசர் கிடையாது. ஓஎஸ் ஜேசனில் யூசர் பெயர் எழுதியிருப்பதால் யூசர் உருவாகிவிடாது. பூட் பார்டிஷனில் யூசர்கான்ஃப் கோப்பை வையுங்கள், பாஸ்வேர்டை ஹாஷ் ஆக்கிப் (திரும்பப் படிக்க முடியாத வடிவம்) போடுங்கள்.

பெர்ரிபூட் என்ற இன்னொரு மல்டிபூட் கருவிக்கு மாற்றுபவர்கள் கவனிக்க: அங்கே ஓஎஸுக்கென்று தனி பார்டிஷன் கிடையாது, ஒவ்வொரு ஓஎஸும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய வடிவில் ஒரு கோப்பு, கெர்னல் எல்லாருக்கும் பொது. எஃப்எஸ்டேப்பில் கார்டைச் சுட்டும் வரிகளைக் கமெண்ட் (செயல்படாத வரி) ஆக்கிவிடுங்கள், ஸ்குவாஷ் செய்யும்போது லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் மாட்யூல்ஸை (கெர்னலின் துணைத் துண்டுகள்) விலக்கிவிடுங்கள். சாதாரண இமேஜை அப்படியே கொடுத்தால் அது ஏற்காது, ஃபைல் கட்டளை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்று சொல்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

திரும்ப பிஐஎன்என்னுக்கு வருவோம். எமர்ஜென்சி மோடிலிருந்து தப்பிக்க எஃப்எஸ்டேப்பில் பூட் வரியைக் கமெண்ட் செய்துவிடச் சொல்லும் ஆலோசனை உங்கள் காதிலும் விழும். செய்தால் உடனே பூட் ஆகும், ஆனால் தயவுசெய்து அதோடு விடாதீர்கள். பூட் பார்டிஷன் மவுண்ட் ஆகாத நிலையில் அப்டேட் ஓடினால், புல்ஸ்ஐ போன்ற பழைய பதிப்புகளில் புதிய கெர்னல் ரூட்டில் இருக்கும் வெற்று பூட் ஃபோல்டரில் போய் விழும். நிஜ பூட் பார்டிஷனில் பழைய கெர்னலே இருக்கும், மாட்யூல்கள் மட்டும் புதிதாகியிருக்கும். ரீபூட் செய்ததும் வைஃபை இருக்காது, எதனால் என்று ஒரு பிழைச்செய்தியும் நேராகச் சொல்லாது. சரிபார்க்க, யூநேம் கட்டளை சொல்லும் கெர்னல் எண்ணில் மாட்யூல்ஸுக்குள் ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரூட்டின் பூட் ஃபோல்டரில் விழுந்தவற்றை வேறு இடத்துக்கு நகர்த்தி, எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, பூட்டை மவுண்ட் செய்து, கெர்னல் பேக்கேஜை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். வைஃபை இல்லாத நேரத்தில் இதைச் செய்ய ஒரு லேன் கேபிள் பக்கத்தில் இருக்கட்டும்.