ஆங்கில எதிர்ச்சொல்லுக்கு எந்த முன்னொட்டு?

முதலில் சொல்லின் தொடக்க ஒலியைப் பாருங்கள். ‘இன்’ என்ற முன்னொட்டு ப, ம ஒலிகளுக்கு முன் ‘இம்’ ஆகும்: பாஸிபிள், இம்பாஸிபிள். லகரத்துக்கு முன் ‘இல்’: லீகல், இல்லீகல். ரகரத்துக்கு முன் ‘இர்’: ரெகுலர், இர்ரெகுலர். பகரத்துக்கு உதடு மூட வேண்டும்; அதற்கு முன்பே மூடிக்கொள்வதால் ‘ன்’ ‘ம்’ ஆகிறது. மரம் என்பது ‘கள்’ சேர்ந்ததும் மரங்கள் ஆவதும் இப்படித்தான்.

‘அன்’ மாறவே மாறாது: லக்கி, அன்லக்கி, பாப்புலர், அன்பாப்புலர். எந்தச் சொல்லுக்கு ‘அன்’, எதற்கு ‘இன்’ என்பதை ஜோடியாகப் படித்தே மனதில் ஏற்ற வேண்டும்.

அதிகம் சறுக்கும் இடம் வேறு. ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்றால் ஆர்வமில்லாதவர். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்றால் பொதுவாக நடுநிலையாளர். நீதிபதிக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதற்கு எளிதில் தீப்பற்றும் என்றே பொருள். இங்கே ‘இன்’ மறுப்பு அல்ல. பெட்ரோல் லாரியில் அதைப் பார்த்தால் விலகி நில்லுங்கள். தீப்பற்றாததற்கு ‘நான்ஃப்ளேமபிள்’.

‘நான்சென்ஸ்’ என்றால் அபத்தப் பேச்சு, எதிர்ச்சொல் ‘சென்ஸ்’. பெயரடையாக ‘நான்சென்சிகல்’, அதற்கு எதிர் ‘சென்சிபிள்’. ‘இன்சென்சிபிள்’ என்று எழுதிவிடாதீர்கள், அது உணர்விழந்த நிலையைக் குறிக்கும்.